சுவரில் ஒட்டிய பட்டியல் போனுக்கு வந்தால்: எல்லையோர ஊர்களும் தனிப்பட்ட தகவலும்

காலை ஆறு மணிக்கே கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்புகள் ஏற ஆரம்பித்துவிடும். கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் அந்த வழியாகவும், போடிப் பக்கத்தார் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் போகும் ஒருவருடைய விவரம் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதார் ஜெராக்ஸ் தோட்டத்து சூப்பர்வைசரிடம் இருக்கிறது. அதே ஆதாரின் படம், செக்போஸ்ட்டில் கேட்டால் காட்டுவதற்காக ஜீப் டிரைவரின் போனில். கூலி போடுவதற்கு வங்கிக் கணக்கு எண் கணக்கப்பிள்ளையிடம். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். மலையிலேயே லயத்தில் தங்குகிற குடும்பம் என்றால் ஓட்டு கேரளத்தில். மகளின் சான்றிதழ்கள் கீழே இ-சேவை மையத்திலோ மேலே கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்திலோ ஏதோ ஒரு கம்ப்யூட்டரில்.

இதில் எதையும் யாரும் திருடவில்லை. எல்லாமே அவராகக் கொடுத்தது. ஒருநாள் அந்த ஆதார் படம் ஊர் பேர் தெரியாத ஒரு வாட்ஸாப் குரூப்பில் வந்து நிற்கும்போது, "நீங்களே கொடுத்ததுதானே, இதில் என்ன ரகசியம்?" என்று பதில் வருகிறது. கேள்வியே தவறு. ஒரு தகவல் ரகசியமா என்று சட்டம் முதலில் பார்ப்பதில்லை. அதை யாரிடம், எந்த வேலைக்காகக் கொடுத்தீர்கள் என்றுதான் பார்க்கிறது, அல்லது பார்க்கவேண்டும். வாக்காளர் பட்டியல், நலத்திட்டப் பட்டியல், நீதிமன்றத் தீர்ப்பு, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட போட்டோ எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி சட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

1. தனிப்பட்ட தகவல். ஒரு தகவலால், அல்லது அதன் தொடர்பால், ஒரு மனிதர் இன்னார் என்று அடையாளம் தெரிந்தால் அது அவருடைய தனிப்பட்ட தகவல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதன் சாரம் இதுதான். பெயர் மட்டும் தனியாக இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பெயரோடு ஊர், ஊரோடு போன் நம்பர், போன் நம்பரோடு படம் என்று சேரச் சேரத்தான் ஆள் தெரிகிறார்.

2. சம்மதம். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, சம்மதம் கட்டாயமில்லாமல் கொடுத்ததாக இருக்கவேண்டும். இன்ன காரியத்துக்கு என்று குறிப்பாக இருக்கவேண்டும். விஷயம் தெரிந்து கொடுத்ததாக இருக்கவேண்டும். நிபந்தனை கட்டியதாக இருக்கக்கூடாது. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு செயலால் தெரிவித்ததாகவும் இருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தது சம்மதம் ஆகாது.

3. வெளியிடுதல். முன்பின் தெரியாதவர் பார்க்கும்படி வைப்பது. இணையதளத்தில் போடுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இருநூறு பேர் இருக்கும் குரூப்பில் போட்டதும் ஏறக்குறைய அதேதான். அங்கிருந்து எங்கே போகும் என்பது போட்டவருக்கே தெரியாது.

நக்கீரன் வழக்கில் கிடைத்த வரையறை

சம்மதம் இல்லாமல் ஒருவரின் சொந்த வாழ்க்கையை வெளியிடலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விரிவாகப் பதில் சொன்னது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில்தான். மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றார்கள். 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று சொன்ன நீதிமன்றம், கூடவே இரண்டு கோடுகளைப் போட்டது.

ஒன்று: தன்னுடைய, தன் குடும்பத்துடைய, திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்ற விஷயங்களை அவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக்கூடாது. இரண்டு: நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் ஏறிவிட்ட தகவலுக்கு இந்தத் தடை இல்லை. அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஆவணத்தில் இருந்தாலும் வெளிவரக்கூடாது.

1994இல் பொது ஆவணம் என்றால் கட்டிவைத்த கோப்பு. அதைப் பார்க்க பஸ் ஏறிப் போய், மனுப்போட்டு, எழுத்தரிடம் காத்து நிற்கவேண்டும். அந்த அலைச்சலே பாதிக் காவல். இப்போது பெயரைத் தட்டினால் வந்துவிடுகிறது. ஆவணம் மாறவில்லை, எடுக்கிற சிரமம் காணாமல் போய்விட்டது. இன்றைய சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பில் அடங்கிய அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

இரட்டை ஓட்டும் இரட்டையரும்

எல்லையோரத்தில் இந்த விஷயம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சூடாகிவிடும். கேரளத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தொகுதிகளில் தேர்தல் வந்தால் "தமிழ்நாட்டிலும் ஓட்டு, இங்கேயும் ஓட்டு" என்ற குற்றச்சாட்டு தவறாமல் வரும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன்படி ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக்கூடாது என்பது உண்மைதான். ஆனால் பெயர் இரண்டு இடத்தில் கிடப்பது வேறு, இரண்டு இடத்திலும் ஓட்டுப் போடுவது வேறு. மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் பழைய பெயரை நீக்க மனுப்போட்டும் நீங்காமல் கிடப்பது ஊரறிந்த கதை. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால்தான் அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை என்று வருகிறது.

2021 கேரள சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா தரப்பு "ஆபரேஷன் ட்வின்ஸ்" என்ற இணையதளத்தில் 4.34 லட்சம் இரட்டைப் பதிவுகள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. பெயர், வாக்காளர் எண், படம் எல்லாம் அதில் இருந்தன. தேர்தல் ஆணையம் தான் சரிபார்த்ததில் கிடைத்ததாக உயர் நீதிமன்றத்தில் சொன்ன எண்ணிக்கை 38,586. நிஜமாகவே இரட்டையராகப் பிறந்தவர்களின் படங்களும் அந்தத் தளத்தில் சிக்கிக்கொண்டன. முகம் ஒரே மாதிரி, அப்பா பெயர் ஒன்று, வீட்டு எண் ஒன்று. கம்ப்யூட்டருக்கு அது ஒரே ஆள்.

இங்கே நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கள்ள ஓட்டைத் தடுக்க வாக்காளர் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படிதான் இருக்கவேண்டும். பூத்தில் ஒட்டுவதும் கட்சிகளுக்குக் கொடுப்பதும் அதற்காகவே. அதே பட்டியலிலிருந்து படத்தைப் பிரித்தெடுத்து, "இரட்டை" என்ற முத்திரையோடு உலகம் முழுக்கப் பார்க்கும்படி வைத்தால், அது சரிபார்ப்பைத் தாண்டி ஒருவகைக் குற்றப்பட்டியல் ஆகிவிடுகிறது. அதிலும், பட்டியலில் உள்ளவருக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பும் கொடுக்காமல்.

தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் பட்டியலைப் படமாகத்தான் போடுகிறது. வார்த்தையைத் தேடி எடுக்கக்கூடிய வடிவத்தில் போடுவதில்லை. வாக்காளரின் முகமும் அதில் இருக்காது. தேடக்கூடிய வடிவம் வேண்டும் என்று போடப்பட்ட வழக்கை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025இல் பீகார் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்தின்போது, நீக்கப்பட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம். இரண்டும் முரண் மாதிரி தெரியும். காரியத்தைப் பார்த்தால் முரண் இல்லை. முதலாவதில் மொத்த மக்களையும் சலித்தெடுக்கும் வசதி கேட்கப்பட்டது. இரண்டாவதில், ஓட்டுரிமை போன ஒருவர் தன் பெயர் ஏன் போனது என்று பார்க்கவேண்டியிருந்தது. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாடும் கேரளமும் உட்பட 12 மாநில, ஒன்றியப் பகுதிகளில் அதே திருத்தம் தொடங்கியபோது, இரண்டு பக்கமும் உறவும் வேலையும் உள்ள குடும்பங்கள் எந்தப் பக்கத்துப் படிவத்தை நிரப்புவது என்று யோசித்தது வெறும் ஓட்டுக் கவலை மட்டும் இல்லை. நாளைக்கு எந்தப் பட்டியலில், என்ன முத்திரையோடு பெயர் வரும் என்ற கவலையும்தான்.

அரசே வெளியே விட்டால்

வடக்கு எல்லையிலிருந்து ஓர் உதாரணம். 2017 மே மாதம் வெளியான ஓர் ஆய்வறிக்கை, நான்கு அரசுத் தளங்களில் மட்டும் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளிப்படையாகக் கிடந்ததாக மதிப்பிட்டது. நான்கில் இரண்டு ஆந்திர அரசுடையவை: சந்திரண்ணா பீமா என்ற காப்பீட்டுத் திட்டத்தின் தளம், நூறு நாள் வேலைக் கூலி விவரத் தளம். சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் அந்தத் திட்டங்களின் பயனாளிகள்தாம்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை இது. கூலி ஒழுங்காகப் போய்ச்சேர்ந்ததா என்று ஊர் பார்க்கவேண்டும், அதற்குப் பட்டியல் வேண்டும். பெயரும் நாளும் தொகையும் தெரிந்தால் அந்த வேலை முடிந்துவிடும். "இந்த ஆள் வேலைக்கே வரவில்லையே, கூலி எப்படிப் போனது?" என்று கேட்க ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் எதற்கு? ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவு, ஒருவரின் ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்று 2016இலேயே சொல்லியிருந்தது. எக்ஸெல் தாளில் அந்த ஒரு பத்தியை மறைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கேரளத்தில் நடந்தது வேறு மாதிரி. 2020 ஏப்ரலில், வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் உடல்நல விவரங்களைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளை அரசு பயன்படுத்தியது பெரிய சர்ச்சையானது. ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் இரண்டு விஷயங்களை வலியுறுத்தியது: ஆள் அடையாளத்தை நீக்கிய பிறகே நிறுவனம் தகவலைத் தொடலாம், இனி விவரம் எடுக்கும்போது, அது வெளியாள் கைக்குப் போகக்கூடும் என்று சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். தனிப்பட்ட தகவலுக்கென்று தனிச் சட்டமே இல்லாத நேரம் அது. உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நீதிமன்றம் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

2023ஆம் ஆண்டுச் சட்டம்: எது உள்ளே, எது வெளியே

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் குறித்த அவகாசம் 18 மாதம், அதாவது 2027 மே. படிக்கும்போது கவனிக்கவேண்டியவை:

1. காகிதமும் கணக்கில் வரும். ஜெராக்ஸாகக் கொடுத்ததை ஒரு நிறுவனம் ஸ்கேன் செய்தாலோ போனில் படம் எடுத்தாலோ அது டிஜிட்டல் தகவல் ஆகிவிடும்.

2. வீட்டுக் காரியம் வெளியே. ஒரு தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காகக் கையாள்வதைச் சட்டம் தொடாது. அதனால் சித்தப்பா குடும்பக் குரூப்பில் உங்கள் கல்யாணப் போட்டோவைப் போட்டதற்கு இந்தச் சட்டத்தில் வழி தேடாதீர்கள்.

3. நீங்களே பொதுவில் வைத்தது வெளியே. உங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போன் நம்பரைப் போட்டிருந்தால், அதை எடுத்தவரிடம் இந்தச் சட்டத்தின்படி கேள்வி கேட்க முடியாது. சட்டக் கடமைப்படி இன்னொருவர் வெளியிட்டதும் அப்படியே. வாக்காளர் பட்டியல் இந்தக் கடைசி வாசலில்தான் நிற்கிறது. இது நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் காரியத்துக்காக வெளியிடப்பட்டதோ அதற்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

4. வேலை கொடுப்பவருக்குச் சலுகை. வேலை தொடர்பான காரியங்களுக்கு சம்மதம் இல்லாமலே தகவலைக் கையாளலாம். கூலிப் பட்டியல் எழுதுவது இதில் வரும். அந்தப் பட்டியலை ஆதார் படங்களோடு மற்றத் தோட்டக்காரர்களின் குரூப்பில் போடுவதையும் இதற்குள் திணித்தால் அது வீம்பு வாதம்.

5. பதினெட்டு வயதுக்குக் கீழே பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும்.

6. நம் மொழியில் கேட்கலாம். எல்லையோரத்துக்கு மிக முக்கியமான வரி இது. சம்மதம் கேட்கும் படிவத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலுமோ பார்க்கும் வாய்ப்பைக் கொடுக்கவேண்டும். மாநிலத்தின் ஆட்சிமொழி எது என்று சட்டம் பார்க்கவில்லை. மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் நகரியிலும் இருக்கும் தமிழர் தமிழிலேயே கேட்கலாம். மலையாளத்தில் எழுதிய தாளில் "இங்கே ஒரு கையெழுத்து" என்று விரல் வைத்துக் காட்டி வாங்கியது, விஷயம் தெரிந்து கொடுத்த சம்மதம் ஆகுமா என்ற கேள்விக்கும் இந்த வரிதான் பிடி.

அபராதம் பெரியது. தகவலைப் பத்திரமாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அந்தப் பணம் அரசின் கணக்குக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்க ஒரு வழி வைத்திருந்தது. புதிய கடமைகள் நடைமுறைக்கு வரும் அதே நாளில் அந்தப் பிரிவு நீக்கப்படும்.

இன்னொரு விஷயம் எரிச்சலூட்டுகிறது. இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றியது. முன்பு, பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் அதிகாரி மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்கவேண்டும். இப்போது "தனிப்பட்ட தகவல்" என்ற இரண்டே சொற்கள் போதும். பொதுநலனைக் காட்டிக் கேட்க 8(2) என்ற வாசல் இருக்கிறது, ஆனால் தட்டவேண்டியது நாம். வீடு கட்டும் திட்டத்தில் யாருக்கெல்லாம் பணம் போனது என்று பஞ்சாயத்தில் கேட்பவருக்கு இது நேரடியான இடைஞ்சல். இந்த மாற்றம் 2025 நவம்பரிலேயே அமலாகிவிட்டது. நம்மைப் பாதுகாக்கும் பிரிவுகளுக்கு மட்டும்தான் 18 மாதக் காத்திருப்பு.

தெரிந்தவர் போட்டுவிட்டால்

நடைமுறையில் அதிகம் நடப்பது இதுதான். பிரிந்துபோன காதலர், சண்டை போட்ட சொந்தக்காரர், கடன் கொடுத்தவர். புதிய சட்டம் "வீட்டுக் காரியம்" என்று ஒதுங்கிக்கொள்வதால், வழக்கமான குற்றவியல் சட்டங்களுக்கே போகவேண்டும்.

படம் அந்தரங்கமானது என்றால் சட்டம் உறுதியாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதையும் பரப்புவதையும் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்கிறது. ஆபாசமாக வெளியிட்டால் 67, வெளிப்படையான பாலியல் காட்சி என்றால் 67ஏ, குழந்தைகள் என்றால் 67பி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு பெண்களுக்கானது. அதில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மற்றவருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம். "அவளே நின்று எடுத்துக்கொண்ட போட்டோதானே" என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. கொடுத்த காரியம் எது என்ற கேள்வியைச் சட்டம் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் இடம் வேறு அதிகம் இல்லை.

படம் சாதாரணமானது, அல்லது வெறும் போன் நம்பரும் முகவரியும் என்றால் நிலைமை மங்கல். ஒருவரின் முகவரியைத் தேடியெடுத்துப் பகையோடு வெளியிடுவதற்கென்று இந்தியாவில் தனிக் குற்றப்பிரிவு இல்லை. சுற்றியிருப்பதைப் பார்க்கவேண்டும். அதே நியாய சன்ஹிதாவில், மிரட்டலோடு வந்தால் 351, பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டு தொல்லை செய்தால் 78, பெண்ணின் மானத்தைக் குலைக்கும் வாசகம் சேர்த்தால் 79, அவதூறு என்றால் 356. பாதிக்கப்பட்டவருடைய பெயரில் போலிக் கணக்கு திறந்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி. சேவை ஒப்பந்தத்தின்பேரில் தகவலைக் கையில் வைத்திருந்தவர், கெடுதல் செய்யவோ ஆதாயம் பார்க்கவோ அதை வெளியே விட்டால் 72ஏ பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. கடன் ஆப், இ-சேவை மையம் மாதிரி இடங்களில் முதலில் யோசிக்கவேண்டிய பிரிவு அதுதான். ஏனோ அதை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை.

பேச்சுரிமை இந்தக் கதையின் மறுபக்கம். கேரளம் 2020 நவம்பரில் போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, இழிவுபடுத்தும் பதிவுகளுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. விமரிசனத்தின் வாயையே அடைத்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் பின்வாங்கியது. வலையை அகலமாக விரித்தால் அதில் பத்திரிகைக்காரரும் சிக்குவார்.

ஒரே கேள்வி, இரண்டு உயர் நீதிமன்றம்

தீர்ப்புகளில் வரும் பெயர்களை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லலாமா? கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது: குடும்ப, திருமண வழக்குகளிலும், மூடிய அறையில் விசாரிக்கப்படும் வழக்குகளிலும் கேட்டால் பெயரை மறைக்கலாம், மற்றபடி நடப்பு வழக்குகளில் மறக்கப்படும் உரிமை என்று வர முடியாது, நீதிமன்றம் திறந்த அரங்கம்.

தமிழ்நாட்டில், குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர் தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு ஒப்புக்கொண்டது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஆக, குமுளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதில் முழுக்க ஒன்றாக இல்லை.

எந்த ஸ்டேஷன், எந்த வரிசை

தோட்டம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில், போட்டவர் எங்கோ. "இது எங்கள் லிமிட் இல்லை" என்ற வாசகம் எல்லையோரத்தில் அடிக்கடி காதில் விழுவதுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் தகவல் தரலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். மின்னஞ்சல் போன்ற வழியிலும் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். ஸ்டேஷனில் எழுத மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவர்தான் விசாரிக்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பதற்றத்தில் எதை முதலில் செய்வது என்று தெரியாது. இந்த வரிசை உதவும்:

1. அழிக்கவேண்டாம், அழிக்கச் சொல்லி அவரிடம் கெஞ்சவும் வேண்டாம், முதலில் பதிவு செய்யுங்கள். பதிவு, போட்டவரின் கணக்கு, இணைப்பு முகவரி, தேதி, நேரம் எல்லாம் ஒரே திரையில் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். வாட்ஸாப் என்றால் குரூப் பெயரும் அனுப்பியவர் எண்ணும் தெரியவேண்டும்.

2. அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள். அந்தரங்கப் படம், ஆள்மாறாட்டம், வெட்டி ஒட்டிய படம் ஆகியவற்றைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. 2026 பிப்ரவரியில் அந்த அவகாசம் இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மற்றவற்றுக்கு இந்த வேகம் கிடைக்காது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற உத்தரவோ அரசு உத்தரவோ வந்தால்தான் தளத்துக்கு நீக்கும் கடமை என்று சொன்னதால், தனியார் கேட்டவுடன் அவர்கள் அசைவதில்லை. குறைதீர் அதிகாரியின் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

3. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930. பாலியல் துன்புறுத்தல் படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலே தெரிவிக்கவும் அந்தத் தளத்தில் இடம் உண்டு.

4. கூகுள் தேடலில் போன் நம்பர், வீட்டு முகவரி, அடையாள எண் வந்தால் நீக்கக் கேட்கும் படிவம் இருக்கிறது. தேடலில் இருந்துதான் போகும். மூலப் பக்கம் அங்கேயே இருக்கும்.

5. மிரட்டுபவர் கையில் அந்தரங்கப் படம் இருக்கிறது, இன்னும் போடவில்லை என்றால், ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் உதவும். படத்தை அங்கே அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அதற்குக் கைரேகை மாதிரி ஓர் அடையாள எண்வரிசை உருவாகி, அது மட்டும் போகும். அந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள தளங்களில் அதே படம் ஏறினால் அடையாளம் காணப்படும்.

வருமுன் செய்வதில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், மற்றவை எல்லோரும் சொல்வதுதான். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க ஆதாரை வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்த எண் திறந்தே இருக்கும், டவுன்லோட் ஃபோல்டரில் நமக்கு முன்னால் வந்த ஐம்பது பேரின் ஆதாரும் வரிசையாக நிற்கும். அடுத்தவர் கோப்பைத் தேடும்போது நம் முகம் திரையில் ஓடும். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு அது வேலை. முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஜீப்பிலும் லாட்ஜிலும் தோட்டத்திலும் ஆள் இன்னார் என்று காட்ட அந்த நான்கு இலக்கமும் படமும் பெயரும் போதும். பிரிண்ட் வந்ததும், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், "அண்ணே, அந்த ஃபைலை டெலிட் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பண்ணுகிறவரை நில்லுங்கள். பிறகு உங்கள் போனிலும் "எல்லோருக்கும் அழி" அழுத்துங்கள். அது வாட்ஸாப்பில் இருப்பதைத்தான் அழிக்கும், கம்ப்யூட்டரில் இறங்கிய பிரதியை அழிக்காது. நின்று பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.